எர்த்து பார்க்கும் பெட்டிக்குக் காப்புரிமை கிடைக்குமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். இ.இ.இ. டிப்ளமோ முடித்தவர். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு பக்கம் இருக்கும் சின்ன நர்சிங் ஹோம்களிலும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களிலும் இ.சி.ஜி. மெஷின், ஆட்டோகிளேவ், அனலைசர் எல்லாம் பழுது பார்க்கிறார். ஒரு பெட்டி செய்திருக்கிறார். அதைச் சுவர் பிளக்கில் செருகி, மெஷினை அதில் மாட்ட வேண்டும். ஃபேஸ், நியூட்ரல், எர்த்து மூன்றும் சரியாக இருந்தால்தான் பச்சை காட்டி மெஷினுக்குக் கரண்ட் விடும். இல்லையென்றால் சிவப்பு பல்பு எரிந்து பஸ்ஸர் அடிக்கும். இதற்குக் காப்புரிமை கிடைக்குமா என்பது முதல் கேள்வி. கரண்ட் தரைக்குக் கசிந்தால் உடனே சப்ளையை வெட்டும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் இது தேவையா என்பது இரண்டாவது. மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. ஓயாமல் ட்ரிப் ஆவதால் ஒரு இடத்தில் அதையே பைபாஸ் செய்துவிட்டார்களாம், என்ன செய்யலாம் என்பது மூன்றாவது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கடை வைத்திருக்கும் நண்பர் சர்க்யூட்டைக் காட்டச் சொல்கிறார், காட்டலாமா என்பது கடைசி.

தம்பி, முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் வடிவத்தில் கிடைப்பது கடினம். ஆனால் நீங்கள் கை வைத்திருக்கும் இடம் சரியான இடம். அந்தப் பெட்டிக்குள் காப்புரிமைக்கு உரிய ஒரு விஷயம் பிறக்க வாய்ப்பு இருக்கிறது என்று நம்புகிறேன். அது எங்கே என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மூன்று பல்பு எரிந்து பிளக்கின் நிலையைக் காட்டும் டெஸ்டர் பல காலமாக விற்பனையில் இருக்கிறது. அதன் கணக்கு எளிது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு பல்பு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று. முதல் இரண்டும் எரிந்து மூன்றாவது எரியாவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம். உங்கள் பெட்டி இதனுடன், சிக்னலைப் பொறுத்துக் கரண்டை விடவும் வெட்டவும் செய்யும் ஒரு ரிலேயைச் சேர்த்திருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-ன் பிரிவு 3(எஃப்), தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனியாகச் செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. டெஸ்டர் டெஸ்டரின் வேலையைச் செய்கிறது, ரிலே ரிலேயின் வேலையைச் செய்கிறது என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் எழுதிவிட்டால் அதற்குப் பதில் சொல்வது சிரமம்.

அதைவிடப் பெரிய குறை வேறு. அந்த மூன்று பல்பு, நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் இரண்டு தப்பைக் கண்டுபிடிக்காது.

காசிமேடு பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் எனக்கு இது நடந்தது. இ.சி.ஜி.யில் கோடு மெல்லிசாக வராமல் கம்பளிப்பூச்சி மாதிரி தடித்து வருகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த சிஸ்டர் சொன்னார்: "சார், மெஷின் மேல கை வெச்சுக்கிட்டு பேஷன்ட்டத் தொட்டா கிர்ருன்னு இருக்கு." டெஸ்டரைச் செருகினேன், எர்த்தே இல்லை என்று காட்டியது. "பக்கத்து ரூம்ல எர்த்து நல்லா இருக்கு சார், அங்க மாட்டிக்குங்க" என்றார்கள். அங்கே செருகினால் மூன்று பல்பும் சரியாகத்தான் சொல்லின. எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. மெயினை ஆஃப் செய்துவிட்டு அந்த பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பு ஒயர், நியூட்ரல் முனையிலிருந்து எர்த்து முனைக்கு. எர்த்து இல்லை என்று யாரோ புகார் சொன்னபோது, வந்த எலக்ட்ரீஷியன் நியூட்ரலையே எர்த்தாக லூப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த லூப் இருக்கும்போது நியூட்ரல் ஒயர் வழியில் எங்காவது அறுந்தால், மெஷினுக்குள் சுற்றி வரும் ஃபேஸ் அப்படியே மெஷினின் உடம்புக்கு வந்துவிடும். மெஷினுக்குள் ஃபேஸ் பாடியில் ஒட்டினாலும் அந்தக் கரண்ட் நியூட்ரல் வழியாகவே திரும்பிப் போகும். ஆர்.சி.சி.பி. தன் கணக்கு சரியாக இருக்கிறது என்று சும்மா இருக்கும். டெஸ்டரிலோ எல்லாம் நலம்.

கீழே இறங்கி எர்த்துக் குழியைப் பார்த்தேன். சிமெண்ட் மூடி உடைந்து கிடந்தது. ஜி.ஐ. பைப்பின் தலையில் இருந்த போல்ட்டைத் தொட்டதும் துரு பொரி மாதிரி உதிர்ந்தது. ஒயரை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. கடல் அங்கிருந்து நாலு தெரு தள்ளித்தான். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று ராயபுரத்திலும் எண்ணூரிலும் ஜன்னல் கம்பிக்கு பெயின்ட் அடிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது, எர்த்துக் குழியை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இரண்டாவது தப்பு இதுதான்: எர்த்து பெயருக்கு இருக்கும், ஆனால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஆயிரக்கணக்கான ஓமுக்குப் போயிருக்கும். டெஸ்டரின் நியான் பல்பு எரிய ஒரு மில்லிஆம்பியர் கூட வேண்டாம். எர்த்து 10,000 ஓம் இருந்தாலும் அது எரியும். அந்த எர்த்தில் ஃபேஸ் ஒட்டினால் ஓடப்போவது 230-ஐ 10,000-ஆல் வகுத்த 23 மில்லிஆம்பியர். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் ட்ரிப் ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். அளவுக்கு மீறிய கரண்டுக்கு மட்டும் வெட்டும் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை. மெஷினின் உடம்பில் முழு வோல்டேஜ் உட்கார்ந்திருக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆர்.சி.சி.பி. இருந்தால் போதாதா? இதற்குப் பதில் சொல்ல அந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். காப்புரிமை எதற்குக் கிடைக்கிறது என்பதையும் அந்தக் கதையே காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்ஸீல் என்று ஒரு மின்பொறியியல் பேராசிரியர் இருந்தார். ஷாக் அடித்தால் ஏன் சிலர் கையை உதறிவிட்டுத் தப்பிக்கிறார்கள், சிலர் ஏன் ஒயரோடு ஒட்டிக்கொள்கிறார்கள் என்பதை அவர் அளந்து பார்த்தார். தாமாக முன்வந்தவர்களின் கையை உப்புத் தண்ணீரில் நனைத்து, செம்புக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். எந்த அளவில் விரல்கள் மூளையின் பேச்சைக் கேட்காமல் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கின்றன என்று குறித்துக்கொண்டார். 134 ஆண்கள், 28 பெண்கள். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. ஆனால் அவர் சராசரியோடு நிற்கவில்லை. 200 பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் விட முடிகிற அளவு எது என்று பார்த்தார். ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6 என்று வந்தது.

6 மில்லிஆம்பியர் என்றால், வீட்டு ஃப்யூஸ் போக வேண்டிய கரண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஃப்யூஸும் எம்.சி.பி.யும் ஒயர் எரியாமல் காப்பதற்காக வந்தவை. மனிதனைக் காக்கும் வேலை அவற்றிடம் கொடுக்கப்படவே இல்லை என்பது இந்த எண்ணிலிருந்து பளிச்சென்று தெரிந்துவிட்டது.

போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமா என்று ஒரு வளையத்தின் வழியாகப் பார்க்கும் யோசனை டால்ஸீலுக்கு முன்பே ஐரோப்பாவில் இருந்தது. ஃபேஸும் நியூட்ரலும் ஒரே காந்த வளையத்துக்குள் போகும். இரண்டும் சமமாக இருந்தால் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு பங்கு மனித உடம்பு வழியாகத் தரைக்குப் போனால் அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றியுள்ள மூன்றாவது சுருளில் ஒரு சின்ன வோல்டேஜாக எழும். ஆனால் அந்த நாளைய கருவிகள் அவர் கேட்ட 5 மில்லிஆம்பியர் அளவுக்கு வேலை செய்யவில்லை. டால்ஸீல் செமிகண்டக்டரை வைத்து அந்தச் சின்ன வோல்டேஜைப் பெருக்கி, சுவர்ப் பெட்டியில் அடங்கும் அளவுக்குக் கருவியைச் சுருக்கினார். 1965-ல் அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 3,213,321. தலைப்பிலேயே "சிறிய" என்ற சொல் இருக்கிறது. 1968-ல் அமெரிக்க மின்விதிகள் நீச்சல் குளத்துக்குள் எரியும் விளக்குகளுக்கு இதைக் கட்டாயமாக்கின, 1975-ல் குளியலறைக்கும் கொண்டுவந்தன.

இங்கே கவனியுங்கள், தம்பி. வளைய யோசனை அவருடையது இல்லை. பழைய யோசனை நின்றுபோன இடத்தில், ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு அதை வேலை செய்ய வைத்த வழிதான் அவருடையது. அந்த எண்ணை அவர் தானே அளந்து கண்டுபிடித்தார்.

நம் ஊரில் 30 மில்லிஆம்பியர் என்பது உலகின் பெரும்பகுதி பின்பற்றும் கணக்கு. அந்த அளவில் கை ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் கருவி 300 மில்லிசெகண்டுக்குள் வெட்டிவிட வேண்டும். இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும் முன்பே கரண்ட் நின்றுவிடும். வீட்டுக்கு இது போதும். படுக்கையில் இருக்கும் நோயாளிக்குப் போதாது.

ஏன் என்றால், கையிலிருந்து காலுக்குப் போகும் கரண்டில் ஒரு சின்னப் பங்குதான் இதயத்தைத் தொடுகிறது. ஐ.சி.யூ.வில் கழுத்து வழியாக இதயம் வரை ஒரு குழாய் போயிருந்தால் முழுக் கரண்டும் அங்கே போய் இறங்கும். அதனால்தான் ஐ.இ.சி. 60601 என்ற உலகத் தரம், இதயத்தோடு நேராக இணையும் கருவியில் சாதாரண நிலையில் நோயாளிக்குப் போகும் கசிவு 10 மைக்ரோஆம்பியரைத் தாண்டக்கூடாது என்கிறது. ஏதாவது ஒரு பழுது வந்த நிலையில்கூட 50 மைக்ரோஆம்பியர்தான். தோலோடு மட்டும் இணைவதற்கு 100, பழுதில் 500. மெஷினின் முகப்பில் ஒரு கட்டத்துக்குள் இதயப் படம் இருந்தால் முதல் வகை, கட்டத்துக்குள் மனித உருவம் இருந்தால் இரண்டாவது வகை. நீங்கள் தினமும் பார்க்கும் படம்தான். 30 மில்லிஆம்பியருக்கும் 10 மைக்ரோஆம்பியருக்கும் நடுவில் 3,000 மடங்கு வித்தியாசம். ஆர்.சி.சி.பி.யின் கண்ணுக்கு இந்த உலகமே தெரியாது.

இந்தப் பயம் ஒரு காலத்தில் அளவுக்கு மீறியும் போயிருக்கிறது. 1971-ல் ரால்ஃப் நாடர் என்ற அமெரிக்க நுகர்வோர் உரிமைப் போராளி, அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 1,200 பேர் மின்சாரம் தாக்கிச் சாகிறார்கள் என்று ஒரு பெண்கள் பத்திரிகையில் எழுதினார். அந்த எண்ணுக்கு உறுதியான ஆதாரம் வரவே இல்லை. ஆனால் அந்தப் பரபரப்பில்தான் மருத்துவமனைகள் மெஷின்களைத் தவறாமல் கசிவுச் சோதனை செய்யவும், அதற்கென்று ஆட்களை வேலைக்கு வைக்கவும் தொடங்கின. நீங்களும் நானும் செய்யும் வேலை பெரிய அளவில் வளர்ந்ததில் அந்தக் கட்டுரைக்குப் பங்கு உண்டு. எண்ணைத் தவறாகச் சொன்னதை நான் ஏற்கவில்லை. அளக்கத் தொடங்கினார்களே என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இந்தக் கசிவை அளப்பதற்கு லட்சங்களில் விலை போகும் சேஃப்டி அனலைசர்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் அடியில் இருக்கும் அளவைச் சுற்று, ரிச்சி தெருவில் பத்து இருபது ரூபாய்க்குள் வாங்கும் மூன்று பொருள்தான். மனித உடம்புக்குப் பதிலாக 1,000 ஓம் ரெசிஸ்டர். அதற்கு இணையாக 10,000 ஓம் ரெசிஸ்டரும் 0.015 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராக. கெபாசிட்டரின் இரண்டு முனையிலும் மில்லிவோல்ட் மீட்டரை வைத்தால், 50 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிவோல்ட் என்பது ஒரு மைக்ரோஆம்பியர். அதிர்வெண் ஏற ஏற உடம்பு குறைவாகவே பாதிக்கப்படும் என்பதால்தான் அந்தக் கெபாசிட்டர். மெஷினில் நோயாளி யாரும் இணைந்திருக்காத நேரத்தில் மட்டும், மெஷினின் உடம்புக்கும் நல்ல எர்த்துக்கும் நடுவில் இதை வைத்து அளந்து பழகுங்கள். தரச் சான்றிதழ் எழுத இது உதவாது, அதற்கு முறையாகக் காலிப்ரேட் செய்த கருவி வேண்டும். ஆனால் கண் திறக்க இது போதும்.

மூன்றாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு சாதாரண கம்ப்யூட்டர் சப்ளையில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 4.7 நானோஃபாரட் ஃபில்டர் கெபாசிட்டர் இருக்கிறது என்று வையுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாகச் சுமார் 340 மைக்ரோஆம்பியர் எந்நேரமும் எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கும். பழுது ஒன்றும் இல்லை, அதன் பிறவிக் குணம் அது. ஒரே ஆர்.சி.சி.பி.யில் கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., அனலைசர், ஏ.சி., ஃப்ரிட்ஜ் என்று இருபது முப்பது மாட்டினால் இந்தக் கசிவுகள் கூடிக்கூடி 8, 10 மில்லிஆம்பியரில் வந்து நிற்கும். அப்புறம் ஐப்பசி மழையில் சுவர் ஊறி, மொட்டை மாடி மோட்டாரில் ஈரம் ஏறினால் மீதி 5 மில்லிஆம்பியர் எளிதாகச் சேர்ந்துவிடும். ட்ரிப் ஆகத்தான் செய்யும். வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி முட்டளவு தண்ணீர் நிற்கும் தெருக்களில் அந்த ட்ரிப்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது.

அதனால் பைபாஸ் செய்த இடத்துக்கு நாளைக்கே போய் அதை எடுங்கள். லைனைப் பிரித்து, தரைத்தள மோட்டார், ஏ.சி. எல்லாவற்றையும் ஒரு ஆர்.சி.சி.பி.யிலும், லேப் மெஷின்களை வேறு ஒன்றிலும் போடுங்கள். மெஷின்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஒயரிங்கை மட்டும் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் பாருங்கள், ஈரம் எந்த லைனில் என்று தெரிந்துவிடும். எலக்ட்ரானிக் சப்ளை உள்ள மெஷின்கள் அதிகம் என்பதால் ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி.யைவிட ஏ வகையைக் கேட்டு வாங்குங்கள், துடிப்பாக வரும் டி.சி. கசிவையும் அது பிடிக்கும். உரிமையாளர் செலவைச் சொல்லித் தயங்கினால் உங்கள் கைப்பட எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அப்படி எழுதிக் கொடுத்த பிறகு செய்யாமல் விட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

காப்புரிமைக்குத் திரும்புவோம். பரிசோதனைக் கூடங்களில் நீங்கள் பார்க்கும், ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்டரின் கதை உங்களுக்கு ரொம்பப் பொருந்தும். வாலஸ் கூல்டர் என்ற அமெரிக்கர், சிகரெட் பாக்கெட்டின் செலோஃபேன் தாளில் சூடான ஊசியால் ஒரு ஓட்டை போட்டு, அதன் இரண்டு பக்கமும் உப்புக் கரைசலில் கரண்ட் ஓடவிட்டார் என்று சொல்வார்கள். ரத்த அணு கரண்டைக் கடத்தாது. ஓட்டைக்குள் ஒவ்வொரு அணுவும் நுழையும்போது ரெசிஸ்டன்ஸ் ஒரு துள்ளு துள்ளும். துள்ளலை எண்ணினால் அணுக்களின் எண்ணிக்கை, துள்ளலின் உயரம் அணுவின் பருமன். காப்புரிமை வக்கீல்களிடம் போனபோது, "ஓட்டைக்கெல்லாம் காப்புரிமை வாங்க முடியாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களாம். 1949-ல் விண்ணப்பித்து 1953-ல் வாங்கிவிட்டார், எண் 2,656,508. ஓட்டையை அவர் கேட்கவில்லை. இந்த அளவு ஓட்டை வழியாக, கரண்டோடு சேர்த்துத் திரவத்தை இழுத்து, அந்த மாற்றத்தை எண்ணும் ஏற்பாடு என்று கேட்டார். இன்றைக்கு ராயபுரத்தில் ஒரு சின்ன லேபில் சி.பி.சி. என்ற ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தால்கூடப் பெரும்பாலும் அந்த ஓட்டையின் வம்சம்தான் எண்ணுகிறது.

க்ளெய்ம் என்று வக்கீல்கள் சொல்லும் உரிமைக்கோரல் பகுதிதான் காப்புரிமையின் உயிர். பழைய காப்புரிமைகளை இலவசமாகவே தேடிப் படிக்கலாம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளம் இருக்கிறது, கூகிள் பேட்டன்ட்ஸ் இருக்கிறது. படிக்கும்போது படத்தையும் முன்னுரையையும் தள்ளி வைத்துவிட்டு நேராகக் க்ளெய்முக்குப் போங்கள். அவர்கள் எதைக் கேட்டிருக்கிறார்கள், எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி வையுங்கள். உங்கள் பெட்டி அந்தக் கோட்டுக்கு வெளியே எதையாவது செய்கிறதா? செய்தால் அதுதான் உங்கள் சரக்கு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நோயைக் கண்டறியும் முறை, சிகிச்சை முறை இவற்றுக்கு நம் சட்டத்தின் பிரிவு 3(ஐ) காப்புரிமை தராது. கருவிக்குத் தரும். செல்போன் செயலி மட்டும் என்றால் பிரிவு 3(கே) குறுக்கே வரும். முறைக்குத் தராமல் இருப்பதை நான் நல்லது என்றே நினைக்கிறேன். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் கூவன்ஹோவன் ஒரு மின்பொறியாளர். லைன் வேலை செய்பவர்கள் ஷாக்கில் சாவதைத் தடுக்க வழி தேடுங்கள் என்று மின் நிறுவனங்கள் 1920-களில் கேட்டதில் தொடங்கியது அவர் ஆராய்ச்சி. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஷாக் கொடுத்தே மீட்கும் கருவியில் அது போய் முடிந்தது. அந்தக் கருவியின் கனமான பட்டைகளை நெஞ்சில் அழுத்தும்போது, கரண்ட் விடும் முன்பே ரத்த அழுத்தம் ஏறுவதை அவருடன் இருந்த நிக்கர்பாக்கர் நாய்களிடம் கவனித்தார். 1960-ல் ஜூட் என்ற மருத்துவரோடு சேர்ந்து மூவரும் அதை வெளியிட்டார்கள். நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கும் சி.பி.ஆர். கருவி இல்லை, ஒரு முறை. அது அப்படித்தான் உலகம் முழுக்கப் போனது. கரண்ட் வேலைக்குப் போகும் ஒவ்வொரு பையனும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும், தம்பி. முதலில் மெயினை ஆஃப் செய்வது, அப்புறம் நெஞ்சில் கை. நீங்கள் இன்னும் கற்கவில்லை என்றால் இந்தப் பெட்டி வேலைக்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

உங்கள் சரக்கு எங்கே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நியூட்ரல் லூப் போட்ட பிளக்கைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2 கிலோவாட் ஹீட்டரை அந்த பிளக்கில் ஓடவிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்டேஜைப் பார்ப்பார்கள். நியூட்ரல் ஒயரின் ரெசிஸ்டன்ஸ் 0.3 ஓம் என்றால் 8.7 ஆம்பியரில் அங்கே 2.6 வோல்ட் எழ வேண்டும். லோடு ஓடியும் மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றால் அங்கே ஒரு லூப் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இந்தத் தத்துவத்தில் வேலை செய்யும் அளவைக் கருவிகள் சந்தையில் இருப்பதால் இதை மட்டும் சொல்லிக் காப்புரிமை கேட்க முடியாது. ஆனால் அவை ஒரு நாள் வந்து அளந்துவிட்டுப் போகும் கருவிகள். நம் பக்கத்து எர்த்து ஒரே நாளில் சாவதில்லை, இரண்டு மூன்று மழைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பில் கரைகிறது.

உங்கள் பெட்டியோ எப்போதும் பிளக்கிலேயே இருக்கப்போகிறது. மெஷின் தானாக ஆன் ஆகி ஆஃப் ஆகும்போது ஏறி இறங்கும் லோடையே சோதனைக் கரண்டாக எடுத்துக்கொண்டு, நியூட்ரல்–எர்த்து வோல்டேஜ் அதற்கேற்ப அசைகிறதா என்று மாதக்கணக்கில் குறித்து வைக்க அதனால் முடியும். அத்துடன் அந்த மெஷினின் கசிவையும் பதிந்து வைத்து, எர்த்து கெடுவது ஒரு வரம்பைத் தொடும் முன்பே சொல்ல முடியுமா? இரண்டு அளவும் ஒன்றையொன்று சரிபார்த்து ஒரு முடிவுக்கு வந்தால், தனித்தனிக் கருவிகளை அடுக்கியது என்ற 3(எஃப்) ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல உங்களுக்கு இடம் கிடைக்கும். இதையும் வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தேடும்போதே பத்து இடத்தில் அளவெடுக்கத் தொடங்குங்கள். கடலோரத்தில் ஐந்து, பெரம்பூர் மாதிரி கொஞ்சம் உள்ளே தள்ளி ஐந்து. தேதி, நேரம், மழையா வெயிலா, ரீடிங். டால்ஸீலிடம் 162 பேரின் கை இருந்தது, உங்களிடம் இருக்க வேண்டியது இந்த நோட்டு.

செலவைப் பற்றி: தனிமனிதர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், அந்த விண்ணப்பத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க 4,000. நமக்கான அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. முதலில் தற்காலிக விவரக் குறிப்பு என்று ஒன்றைப் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம், 12 மாதத்துக்குள் முழுக் குறிப்பைப் போட்டுவிட வேண்டும். காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. க்ளெய்ம் எழுதும் வேலைக்கு மட்டும் ஒரு காப்புரிமை ஏஜென்ட்டிடம் போங்கள். அதில் மிச்சம் பிடிக்க நினைத்தால் பின்னால் வருத்தப்படுவீர்கள்.

கடைசிக் கேள்வி. ரிச்சி தெரு நண்பரிடம் காட்டலாமா? கொரோனா காலத்தில் தண்டையார்பேட்டையில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர் ஞாபகம் இருக்கும். அதன் தத்துவத்தைக் கண்டவர் ஜப்பானில் நிஹோன் கோடன் கம்பெனியில் இருந்த டகுவோ அவோயாகி. வேறு ஒன்றை அளக்கப் போனவருக்கு நாடித் துடிப்பு இரைச்சலாக வந்து தொல்லை கொடுத்தது. அதை அழிக்கப் பாடுபட்டபோது அந்தத் துடிப்பிலேயே ஆக்சிஜன் அளவு இருப்பதைக் கண்டார். 1974 மார்ச் 29-ல் அவர் கம்பெனி விண்ணப்பத்தைப் போட்டது. அடுத்த மாதம்தான் அவர் கருத்தரங்கில் அதை வாசித்தார். முதல் விண்ணப்பம் போய் ஒரு மாதம் கூட ஆகாமல் மினோல்டா கம்பெனியும் ஏறக்குறைய அதே யோசனைக்கு விண்ணப்பித்தது. ஜப்பானில் முந்தியவருக்கே கிடைத்தது. ஆனால் அவோயாகியின் கம்பெனி வெளிநாட்டில் விண்ணப்பிக்கவில்லை, மினோல்டா அமெரிக்காவில் வாங்கிக்கொண்டது.

அதனால் தற்காலிக விண்ணப்பம் போய், எண் கைக்கு வரும்வரை சர்க்யூட்டைக் காட்டாதீர்கள். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் படம் போடாதீர்கள், வீடியோவும் வேண்டாம். விண்ணப்பத்துக்கு முன் வெளியே போனால் புதுமை போய்விட்டது என்று உங்கள் வீடியோவையே உங்களுக்கு எதிராக எடுத்து வைப்பார்கள். வெளிநாட்டு ஆசை இருந்தால் இங்கே போட்ட தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். இந்தியாவில் போடாமல் நேராக வெளிநாட்டில் போடுவதென்றால் பிரிவு 39-ன்படி முன் அனுமதி வாங்க வேண்டும். நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பெட்டி என்ன செய்யும் என்று மட்டும் சொல்லுங்கள், எப்படிச் செய்கிறது என்பதை ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு சொல்லலாம். அதற்குள், இப்போது உங்கள் கையில் இருக்கும் பெட்டியை எந்த நர்சிங் ஹோமிலும் மாட்டி விட்டுவராதீர்கள். லூப் போட்ட பிளக்கிலும் அது பச்சை காட்டும், அங்கிருக்கும் சிஸ்டர் அந்தப் பச்சையை நம்பி நோயாளி மேல் கை வைப்பார்.